முக்காலில் அரை போனால்

எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவளுக்குக் காது கேட்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் சொல்லுவார். சொல்லுவதற்கென்ன. கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், ஹாரன் அடித்து அடித்து அவர் காது எப்போதோ போய்விட்டது. எனக்கு நன்றாகக் கேட்கும். அதுவும் கொம்பையா பேசினால் பிள்ளைப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கே கேட்கும். தென்காசிக்கு அந்தப்பக்கம் இருக்கும் தன் ஊருக்கு, போன் ஒயரையே நம்பாமல் நேராகக் கத்திக் கேட்க வைத்துவிடலாம் என்று நினைப்பவன் மாதிரிப் பேசுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடை வாசலில் திருவிழாக் கூட்டம் நிற்கும். ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்து, இங்கே லைன் வீடுகளில் ஒண்டிக்கொண்டிருந்த தெற்கத்தி ஆட்கள் எல்லாம் அன்றுதான் ஊருக்குப் பேச வருவார்கள். என்னிடம் இருந்ததோ இரண்டே கேபின். அதில் ஒன்றுக்குள் கொம்பையா புகுந்துவிட்டால் அவ்வளவுதான், குடித்தனம் நடத்திவிட்டுத்தான் வெளியே வருவான்.

"இன்னா கொம்பையா, உள்ளயே வாடகைக்கு இருந்துக்கிறியா? ஜனம் நின்னுகினு கீது பாரு," என்று கண்ணாடியைத் தட்டுவேன்.

"இன்னும் ரெண்டே கணக்குதான்க்கா," என்பான், ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு.

கணக்கு. ஊரில் மழை உண்டா, அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா என்று எல்லாரும் பேசுகிற அந்தப் பெட்டிக்குள் நின்றுகொண்டு, இந்த மனுஷன் தன் மகளுக்குப் பின்னக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

நான் முதலில் அவனைத் திட்டத்தான் திட்டினேன். கதை தெரிந்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன்.

கொம்பையாவின் மனைவி செல்லக்கனி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மகள் சுகப்பிரியா அப்போது ஒன்றாம் வகுப்பு. ஊரில் மானாவாரிக் காடு, மழை பெய்தால் சோறு, இல்லாவிட்டால் இல்லை. பிள்ளையைத் தன் அக்கா கனகலட்சுமியிடம் விட்டுவிட்டு, ஊர்க்காரன் ஒருவன் பேச்சை நம்பி வடக்கே வந்தான். கனகலட்சுமி பீடி சுற்றிப் பிழைப்பவள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், பிள்ளையும் இல்லை. தம்பி மகளை மடியில் போட்டு வளர்த்தாள்.

இங்கே அவனுக்குக் காருக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. பாகங்கள் வரிசையாக வரும் லைனின் கடைசியில் நின்று ஒவ்வொரு பீஸையும் கேஜ் என்கிற அளவுக் கருவியில் பொருத்திப் பார்ப்பான். பொருந்தினால் பச்சை மையால் ஒரு புள்ளி. பொருந்தாவிட்டால் சிவப்புத் தொட்டி. கையெழுத்துப் போடும்போதுகூட அவன் கை கடைசியில் ஒரு புள்ளி வைக்காமல் நிற்காது. வேலையில் படு சுத்தம் என்று சூப்பர்வைசரே சொன்னதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஷிப்ட் மாறி மாறி வரும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அப்படிப்பட்டவன் பெண் பிள்ளையை லைன் வீட்டில் தனியே விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவான்?

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் விடுதியோடு இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மட்டும் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். என் மகள் ஏலவார்குழலியும் அங்கேதான், விடுதியில் இல்லாமல் தினமும் பஸ்ஸில் போய்ப் படித்தாள். சுகப்பிரியாவுக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டால் வார நாளில் விடுதி, சனி ஞாயிறு அப்பாவோடு.

"சனி ஞாயிறு போதும்க்கா. நான் ஒண்ணும் ரொம்ப ஆசப்படல," என்றான் என்னிடம்.

கனகலட்சுமியும் ஒரு பேச்சுப் பேசிவிட்டாள். "ஏல, பிள்ள பாஸ் பண்ணினா கூட்டிட்டுப் போ. நான் தடுக்க மாட்டேன். இல்லன்னா பெறவு அவள அங்கயும் இங்கயுமா இழுத்து அலக்கழிக்கக் கூடாது. ஒரே எடத்துல வேர் பிடிக்கட்டும்." அவன் சரி என்றான். அது 2001 கடைசி. பரீட்சை அடுத்த மே மாதம்.

தமிழில் பிள்ளை கெட்டிக்காரி. கணக்கில்தான் பின்னம் இடித்தது. ஊர்ப் பள்ளியில் ஒரு வாத்தியார் ஓய்வு பெற்றுப் போய், மீதமிருந்த ஒரே டீச்சர் எல்லா வகுப்பையும் இழுத்துக்கொண்டிருந்தார். கீழே ஒரே எண் இருக்கும் பின்னத்தைக் கழிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். ஏழில் ஐந்திலிருந்து ஏழில் இரண்டைக் கழித்தால் ஏழில் மூன்று. அதோடு சரி. கீழே வேறு வேறு எண் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் வரவில்லை. அதனால் கொம்பையா தானே இறங்கினான். அவன் எட்டாவது வரை படித்தவன். படித்ததெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

ஞாயிறு காலை முதலில் ஊரில் ஒரு பலசரக்குக் கடைக்குப் போன் போட்டு, "சுகப்பிரியாவக் கூப்பிடுங்க அண்ணாச்சி," என்று சொல்லி வைத்துவிடுவான். வெளியே வந்து என் பெஞ்சில் உட்காருவான். உட்காருவது என்ன, நெருப்பு மேல் உட்கார்ந்த மாதிரித்தான். பிள்ளை புத்தகத்தோடு ஓடி வந்து சேரும் நேரம் கணக்குப் பண்ணி மறுபடி போடுவான். அவள் அங்கே சொல்வதை எல்லாம் இவன் இங்கே திருப்பிச் சொல்லுவான். அதனால் எனக்கு இரண்டு பக்கமும் கேட்கும்.

"சொல்லு தாயி. மூணு பை நாலு, மைனஸ் ஒண்ணு பை ரெண்டு. ம். மேல மூணுல ஒண்ணு போனா? ரெண்டு. கீழ நாலுல ரெண்டு போனா? ரெண்டு. அப்பம் ரெண்டு பை ரெண்டு. அப்படியே விட்டுறாத. போட்டுப் பாரு."

இந்தப் போட்டுப் பார்ப்பதுதான் அவன் தொழில். கழித்ததைத் திரும்பக் கூட்டினால் முதலில் இருந்தது வர வேண்டும். பீஸைக் கேஜில் பொருத்துகிற மாதிரி.

"ரெண்டும் ஒண்ணும் மூணு. ரெண்டும் ரெண்டும் நாலு. மூணு பை நாலு வந்துட்டா? பச்சைப் புள்ளி வையி."

அந்த முனையில் பிள்ளை புள்ளி வைக்கும். இவன் இந்த முனையில் தலையை ஆட்டிக்கொள்வான். எட்டில் ஐந்திலிருந்து நாலில் ஒன்றா? நாலு பை நாலு. போட்டுப் பார்த்தால் எட்டில் ஐந்து. பச்சை. எல்லாம் பச்சை.

சில கணக்கு மட்டும் முரண்டு பிடித்தது. இரண்டில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி என்று வந்தால் கீழே இரண்டில் மூன்று போகாது. புரட்டிக் கழித்தால் போட்டுப் பார்க்கும்போது சேராது. அப்படி வந்த கணக்குகளை அவன், "அது புஸ்தகத்துலயே கோளாறு தாயி. அச்சுல விட்டுருப்பாவ. சிவப்புத் தொட்டில போடு," என்று ஒதுக்கச் சொல்லிவிட்டான். தினமும் லைனில் அவன் செய்வது அதுதான். கேஜ் பொருந்தவில்லை என்றால் குற்றம் பீஸின் மேல்.

எனக்குக் கணக்கு வராது. பில் மெஷின் துப்புகிற சீட்டைக் கிழித்துக் கொடுப்பதோடு என் கணக்கு முடிந்தது. குழலிக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் அந்த மகராசி ஞாயிற்றுக்கிழமை கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். அவள் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, வந்து உட்கார்ந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். இதை நினைத்து நினைத்து நான் எத்தனையோ தரம் மனசு நொந்திருக்கிறேன்.

பங்குனி வந்ததும் கொம்பையாவின் நடையே மாறிவிட்டது. ஒரு அறையைத் தனியாக எடுத்தான். சுவருக்கு வெள்ளை அடித்தான். ஒரு நாள் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவை என் மேஜை மேல் வைத்தான். கைக்கு அடக்கமான சின்னப் பிள்ளை டப்பா. மூடியில் சுகப்பிரியா என்று பெயர் வெட்டியிருந்தது.

"இன்னாப்பா, பரீட்சையே எழுதல, அதுக்குள்ள பேர் வெட்டிட்டியா?" என்று சீண்டினேன்.

"ஒரு ஞாயித்துக்கெழமகூட தப்பு வரலியேக்கா. வேற யாரு பாஸ் பண்ணப்போறா?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனுக்கு அந்தச் சிரிப்பு அழகாகவே இருந்தது.

மே மாதம் கனகலட்சுமி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஊர் பஸ்ஸில் வந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து சேர்ந்தார்கள். பிள்ளை அப்பாவைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. போனில் குரலாகவே பழகியவனை நேரில் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு அத்தையின் சேலைக்குப் பின்னால் நின்றது. அப்புறம் மெதுவாக வந்து அவன் விரலைப் பிடித்தது. பிடித்த விரலை அன்று முழுக்க விடவில்லை.

மறுநாள் காலையில் பரீட்சை. போகும் வழியில் என் கடையில் நின்றார்கள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, நெற்றி நிறையத் திருநீறு.

"தைரியமா எழுதுமா," என்றேன்.

"போட்டுப் பாத்துருவேன் அத்த," என்றது. எனக்கு அப்படியே அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அன்றைக்கே மாலையில் பெயர்களை ஒட்டிவிட்டார்கள். அவள் பெயர் இல்லை.

கொம்பையா அக்காவோடும் மகளோடும் திரும்பி வந்தபோது அவன் முகம் செத்துப்போயிருந்தது. ஆனால் அழுகை இல்லை, கோபம். பள்ளியில் கெஞ்சிக் கேட்டுப் பிள்ளையின் விடைத்தாளைப் பார்த்திருக்கிறான். தமிழில் நல்ல மார்க். கணக்கில் பாதிக்கு மேல் பின்னம். அதில் கழித்தல் ஒன்றுகூடச் சரியில்லை என்று போட்டிருந்தார்களாம்.

"அநியாயம்க்கா. அத்தனையும் போட்டுப் பாத்திருக்கா. அத்தனையும் சேருது. மூணு பை நாலுல ஒண்ணு பை ரெண்டு போனா ரெண்டு பை ரெண்டுன்னு அங்கனயே நின்னு டீச்சருக்குக் கூட்டிக் காமிச்சேன். யாரு சொல்லிக்குடுத்தான்னு கேட்டாவ. நாந்தான்னு சொன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் பேசாம அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டாவ."

"வெளியூர்னா இளக்காரம்தான். சிபாரிசு இல்லாம இங்க எது நடக்குது?" என்று நானும் சேர்ந்து எகிறினேன். என் கோபத்துக்கு நேரம் காலமே கிடையாது.

குழலி அப்போதுதான் கடைக்குள் வந்தாள். கொம்பையா சொன்ன கணக்கைக் காதில் வாங்கியிருக்கிறாள். கடையில் இருந்த ஜெராக்ஸ் மெஷினில் வீணான ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மாமா, இத்த ரெண்டா மடிக்கிறேன். இன்னொரு வாட்டி மடிக்கிறேன். இப்ப நாலு கட்டம் கீதா?" என்று பிரித்துக் காட்டினாள். ஒரு கட்டத்தைக் கிழித்துக் கீழே போட்டாள். "மிச்சம் எவ்ளோ பேப்பர்?"

"முக்கா," என்றான் கொம்பையா.

"இதான் மாமா மூணு பை நாலு. நாலு கட்டத்துல மூணு."

அவன் காகிதத்தையே பார்த்தான். "மூணு பை நாலுன்னா," என்று மெதுவாகக் கேட்டான், "முக்காலா?"

"ஆமா. ஒண்ணு பை ரெண்டுன்னா அரை." இரண்டு கட்டத்தைக் கிழித்தாள். கையில் ஒரே ஒரு துண்டு நின்றது. "முக்கால்ல அரை போனா கால். நீங்க போட்ட ஆன்சர் ரெண்டு பை ரெண்டு. ரெண்டு கட்டத்துல ரெண்டும் இருந்தா அது முழுப் பேப்பர். முக்கால் பேப்பர்லேர்ந்து அரைய எடுத்தா முழுசு எப்படி மாமா வரும்?"

கொம்பையா அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கூட்டிப் பாத்தா சேருதே," என்றான் கடைசியாக. அவன் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"கழிக்கிறப்ப பண்ண அதே தப்பக் கூட்டுறப்பவும் பண்றீங்க மாமா. அப்ப சேரத்தான் செய்யும்," என்றாள் குழலி. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு அது கணக்கு மட்டும்தான்.

முக்கால் கிலோ வெங்காயத்தில் அரைக் கிலோ போனால் கால் கிலோ. இது கொம்பையாவுக்குத் தெரியாதா? செல்லக்கனி இருந்த காலத்தில் சந்தைக்குப் போய் வாங்கி வந்தவன். சின்னப் பிள்ளையிலேயே சுகப்பிரியாவுக்கும் தெரியும். ஆனால் புத்தகத்தில் கோடு போட்டு மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று எழுதியிருந்ததை, தாங்கள் வாயால் தினமும் சொல்கிற முக்காலும் அரையும்தான் அது என்று அப்பனுக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை. அதைப் பாஸ் பண்ணுகிறவர்கள் படிக்கும் வேறு ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுகப்பிரியா குழலியை முறைத்தாள். "எங்கப்பா செக்கராக்கும். அவிய பாத்தா தப்பே வராது," என்றாள்.

கொம்பையா அப்போதுதான் அழுதான். நான் ஆம்பளைகள் அழுது பார்த்திருக்கிறேன், இந்த பூத்தில் சாவுச் செய்தி கேட்டு அழுதவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மகள் தனக்காகப் பரிந்து பேசியதற்கு ஒருவன் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இல்ல தாயி, அப்பாதான் தப்பு. அப்பாதான் தப்பு," என்றான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

கனகலட்சுமி மேல் எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பிள்ளை இனித் தன்னோடுதான் என்று ஆசைப்பட்டது கைக்கு வந்தும் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "நீ சாப்பிட்டியால?" என்று தம்பியிடம் கேட்டாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, "வா தாயி, பஸ்ஸுக்கு நேரமாச்சி," என்றாள். பேசிய பேச்சு பேச்சுதான் என்று இருவருக்கும் தெரியும். ஷேர் ஆட்டோ கிளம்பும்போது பிள்ளை அவன் விரலை விடவில்லை. அவன்தான் விடுவித்தான்.

அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போவதும் அறைக்குத் திரும்புவதுமாக இருந்தான். ஞாயிறு வந்தது. கேபினுக்குள் போகாமல் என் முன்னால் வந்து நின்றான்.

"ஷிப்ட்டு ஆரம்பிக்கையில ஃபர்ஸ்ட்டு என்ன செய்வோம் தெரியுமாக்கா? மாஸ்டர் பீஸுன்னு ஒண்ணு இருக்கும். கரெக்ட்டுன்னு முன்னாடியே தெரிஞ்ச பீஸு. அதக் கேஜ்ல போட்டுப் பாத்து, கேஜ் ஒழுங்கா இருக்கான்னு பாப்போம். அதுக்குப் பெறவுதான் மத்த பீஸ். ஒரு நாளும் விட்டதில்ல." கொஞ்சம் நிறுத்தினான். "முக்கால்ல அரை போனா கால். அது என் வாயிலயே கெடந்துச்சு. போட்டுப் பாக்காம விட்டுட்டேன்."

டீ வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தேன். ஆறவிட்டுவிட்டுப் போய்விட்டான்.

அப்புறம் குழலியிடமே சரியான வழியைக் கற்றுக்கொண்டான். கீழ் எண்களை ஒன்றாக்குவது, பிறகு மேலே மட்டும் கழிப்பது. சீக்கிரமே பிடித்துக்கொண்டான். புத்தகத்தில் கோளாறு என்று ஒதுக்கியதெல்லாம் ஒழுங்காக வந்தது. அடுத்த ஞாயிறு மகளுக்குச் சொல்லப் போன் போட்டான். ஊரில் அந்தக் கோடையில் வந்த புது டீச்சர் லீவிலேயே பாடம் எடுக்கிறாராம். "எல்லாம் டீச்சர் சொல்லிக்குடுத்துட்டாவளாம்க்கா," என்று சீக்கிரமே வெளியே வந்துவிட்டான். அன்று வரிசையில் நின்றவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்குத்தான் அந்தக் கேபின் காலியாகக் கிடந்ததைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்த வருஷம்தான் லைன் வீட்டுப் பிள்ளைகள் அவனிடம் வர ஆரம்பித்தார்கள். எல்லாம் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். யாரும் கூப்பிடவில்லை. அங்கே குடியிருந்த கோவிந்தம்மாவின் மகள் ஒருத்தி பின்னக் கழித்தலில் அடி வாங்கி அழுதுகொண்டு என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொம்பையா பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தை மடித்தான். மறு ஞாயிறு அவள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். என் ஜெராக்ஸ் கழிவுக் காகிதம் அத்தனையும் அவன் மடியில் சுருண்டது. நான் கத்துவேன், "கடைய குப்பத் தொட்டியா ஆக்கிட்டீங்கடா," என்று. கத்திவிட்டுக் கழிவுக் காகிதத்தை எடுத்து வைப்பதும் நான்தான்.

அவனிடம் ஒரே ஒரு விதி இருந்தது. உட்கார்ந்ததும் முதல் கணக்கு யாருக்கானாலும் முக்கால் மைனஸ் அரைதான். எத்தனை பெரிய வகுப்பானாலும் சரி. "கால் மாமா, எத்தினி வாட்டி கேப்பே?" என்று பிள்ளைகள் சலித்துக்கொள்ளும். அவன் விடமாட்டான். அதைக் காகிதத்தில் மடித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த கணக்கு. விடை வந்ததும் கூட்டிப் பார்க்க விடமாட்டான். "மொதல்ல சொல்லு. மிச்சம் முன்ன இருந்ததவிடப் பெருசா, சின்னதா? எடுத்த பெறவு பெருசாகுமா?" என்பான். அதற்குப் பதில் சொன்னால்தான் கூட்டிப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் பச்சைப் புள்ளி. அவனுக்கு மாஸ்டர் பீஸ் மாமா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் பிறகு அதே விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதி இடம் வாங்கினார்கள். மிட்டாயோடு வந்து அவன் காலில் விழுந்தார்கள். மிட்டாயை வாங்கிக்கொண்டான். அன்று சாயங்காலம் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

மகளோடு வாராவாரம் பேசினான். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அவளுக்குத் தோழிகள், பள்ளி, வீட்டில் அத்தைக்குப் பீடி இலை வெட்டிக்கொடுக்கிற வேலை. லீவுக்கு அவன்தான் ஊருக்குப் போவான். போய்வந்து, "வளந்துட்டாக்கா," என்பான்.

2005இல் அவனுக்கு வேலை நிரந்தரமானது. பெரிய விஷயம் அதுவல்ல. அவனை லைனிலிருந்து எடுத்து, கேஜ்களைச் சரிபார்க்கிற அறையில் போட்டார்கள். காலையில் போனால் சாயங்காலம் வீடு. இனி ராத்திரி ஷிப்ட் கிடையாது. விடுதி வேண்டாம், பரீட்சை வேண்டாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஒன்பதாவது சேரலாம். எங்கள் குழலி தன் பஸ்ஸுக்குப் போகிற வழியில் கூட்டிக்கொண்டு போய் விடுவாள். எல்லாம் பேசி வைத்தோம். நானே தலைமையாசிரியையிடம் போய் விசாரித்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு பூத்தில் கூட்டமில்லை. பாதிப் பேர் கையில் செல்போன் வந்துவிட்டது. அவனிடமும் இருந்தது. ஆனாலும் மகளோடு பேச இங்கேதான் வருவான். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பொண்ணு கேட்கப் போகிறவன் மாதிரி கேபினுக்குள் போனான். கதவைச் சாத்திக்கொண்டான். முதல் தடவையாக அவன் கத்தாமல் பேசினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"இன்னா சொல்லுச்சு கொழந்த?" என்றேன்.

"சந்தோசப்பட்டாக்கா. வேல நிரந்தரமாயிட்டுன்னதும் சிரிச்சா. எப்பா, ஒடம்பப் பாத்துக்கிடுங்கன்னா." அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினான். "இங்கன வந்துரு தாயின்னேன். அம்மா ஒத்தையில இருப்பாவல்லாப்பான்னு சொன்னா."

"அம்மாவா? அவ அம்மாதான்," என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன்.

"அக்காவத்தான் சொல்லுதா. அவ சொன்னது சரிதான். அவளத் தப்பு சொல்ல முடியாது." கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. "ஷிப்ட்டு போயிருச்சு. ரூம் இருக்கு. பள்ளிக்கூடம் இருக்கு. எடுத்ததயெல்லாம் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன்க்கா. பழைய கணக்கு வரல."

நானும் அவனோடு உட்கார்ந்து அழுதேன். அழுததில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். புதிதாக ஒரு வாண்டு, யார் வீட்டுப் பிள்ளையோ, சிலேட்டை அவன் முகத்துக்கு நேராக நீட்டியது. மூன்று பை நாலு, மைனஸ் ஒன்று பை இரண்டு. விடை இரண்டு பை இரண்டு. "கூட்டிப் பாத்துட்டேன், கரெக்ட்டா வருது," என்றது பெருமையாக.

கொம்பையா அந்தச் சிலேட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு, "ஒரு பேப்பர் குடுங்கக்கா," என்றான். இரண்டாக மடித்தான். இன்னொரு தரம் மடித்தான்.

இப்போதும் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு என் கடை வாசலில்தான் நிற்கிறான். கையில் அந்தச் சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கும். மூடியில் இருக்கும் பெயரைப் பார்த்து, யாருப்பா இந்த சுகப்பிரியா என்று புதுப் பையன்கள் கேலி செய்வார்கள். என் மக என்பான். வேறு டப்பா வாங்கேன் என்று நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். அதில் ஒரு ஆள் சாப்பிடுகிற சோறு கொள்ளாது.